சிறுகுடல் நிணநீர்க்குழாய் விரிவு: நோயை உறுதிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கால் வீங்குகிறது. சிறுநீரகத்தைப் பார்க்கிறார்கள், கோளாறு இல்லை. கல்லீரலும் நன்றாகவே இருக்கிறது. இதயத்துக்கு எக்கோ எடுத்தாயிற்று. ஆனால் நீரை ரத்தக் குழாய்க்குள் பிடித்து வைக்கும் புரதமான ஆல்புமின் மட்டும் ரத்தத்தில் ஏறவே மாட்டேன் என்கிறது. நரம்பு வழியாக ஆல்புமின் ஏற்றினால் சில நாள் வீக்கம் வடிகிறது, அப்புறம் பழையபடி திரும்புகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். அந்த ஓட்டை சிறுகுடலில் இருக்கலாம் என்ற எண்ணம் வருவதற்கே சிலருக்கு வருடக்கணக்கில் ஆகிவிடுகிறது.

அந்த எண்ணம் வந்ததிலிருந்து நோய் உறுதியாகும் வரை என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில், எங்கெல்லாம் தடம் மாறிப் போகலாம் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நோயாளிகளையும், நோயுள்ள குழந்தைகளின் பெற்றோரையும், இதை அடிக்கடி பார்க்காத மருத்துவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். முடிவெடுக்க வேண்டியவர் சிகிச்சை தரும் மருத்துவர்தான். ஆனாலும் எந்தப் பரிசோதனை எதற்கு என்று தெரிந்துகொண்டு போனால், அவரிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

சிறுகுடலின் நிணநீர்க் குழல்கள் விரிந்து புரதம் கசியும் இந்த நோய், பிறவியிலேயே வந்தால், மருத்துவக் குறிப்புகளில் 'பிரைமரி இன்டஸ்டைனல் லிம்ஃபான்ஜியெக்டேசியா' என்று இருக்கும். 1961-இல் தாமஸ் வால்ட்மன்னும் அவருடைய குழுவினரும் இதை விவரித்ததால் வால்ட்மன் நோய் என்றும் சொல்வார்கள். காரணம் தெரியாமல் ரத்தப் புரதம் குறைந்து, உடல் வீங்கியிருந்த நோயாளிகளை ஆராய்ந்தபோது, புரதம் குடல் வழியாக வெளியேறுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். பெரும்பாலும் மூன்று வயதுக்குள் தெரியவரும். பெரியவர்களான பிறகு கண்டுபிடிக்கப்படுபவர்களும் உண்டு.

குடலுக்குள் என்ன நடக்கிறது

சிறுகுடலின் உட்சுவர் முழுக்க விரல் போல நீண்ட நுண்ணிய முளைகள், அவைதான் குடலுறிஞ்சிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் லாக்டியல் எனப்படும் நுண்ணிய நிணநீர்க் குழல் ஓடுகிறது. சாப்பாட்டிலுள்ள மாவுச்சத்தும் புரதமும் செரித்தபின் நேராக ரத்தத்தில் சேர்ந்துவிடும். கொழுப்பின் பெரும்பகுதி அப்படிப் போகாது. லாக்டியலுக்குள் நுழைந்து, நிணநீரோடு கலந்து, வயிறு, மார்பு வழியாக மேலேறி, கழுத்தின் அடிப்பக்கத்தில் உள்ள பெரிய சிரையில் கலக்கும்.

இந்தப் பாதை பிறவியிலேயே சரியாக அமையாவிட்டாலோ, மேலே எங்காவது அடைபட்டாலோ, நிணநீர் தேங்கும். லாக்டியல்கள் உப்பும். அழுத்தம் தாங்காமல் நிணநீர் குடலுக்குள்ளேயே கசியும். நிணநீரில் ஆல்புமின் இருக்கிறது, நோயெதிர்ப்புப் புரதங்களான இம்யூனோகுளோபுலின்கள் இருக்கின்றன, லிம்ஃபோசைட் வெள்ளணுக்கள் இருக்கின்றன, கொழுப்பும் அதில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்தே வெளியேறுகின்றன. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் காரணம் தானாகப் புரியும்.

முதல் படி: உடம்பைப் பார்ப்பது, கதையைக் கேட்பது

இரண்டு கால்களிலும் வீக்கம், விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக நிரம்பும். குழந்தைகளுக்கு இமைகளிலும் விரைப்பையிலும்கூட வீக்கம் வரலாம். வயிற்றில் நீர் கோத்து உப்பலாம், நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்தால் மூச்சு வாங்கும். சோர்வு, வயிற்று வலி, வளர்ச்சிக் குறைவு ஆகியவையும் உண்டு.

வயிற்றுப்போக்கு பெரும்பாலும் மிதமாகத்தான் இருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. குடல் நோய் என்றாலே வயிற்றுப்போக்கு இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வதால்தான் பலருக்குத் தாமதமாகிறது. குழந்தையின் எடையையும் நம்ப முடியாது. கோத்த நீரே எடையைக் கூட்டிக் காட்டும். மேற்கையின் சுற்றளவையும் உயரத்தையும் பார்த்தால் உண்மை தெரியும்.

கால் வீக்கம் ஒரு பக்கம் அதிகமாகவும், தோல் தடித்தும், அழுத்தினால் குழி விழாமலும் இருந்தால் அது நிணநீர் வீக்கமாக இருக்கலாம். இதைப் படுக்கையருகிலேயே சோதிக்கலாம். காலின் இரண்டாம் விரல் தொடங்கும் இடத்தில், மேற்புறத் தோலை இரு விரல்களால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மடிப்பாகத் தூக்க முடியாவிட்டால் நிணநீர் வீக்கம் என்று கொள்ளலாம். ஸ்டெம்மர் அறிகுறி என்று இதற்குப் பெயர். ஆல்புமின் குறைந்த ஒருவருக்கு இதுவும் இருந்தால், உடலின் நிணநீர் அமைப்பே பிறவியில் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கும்.

கதை கேட்கும்போது விட்டுவிடக் கூடாதவை: இதய அறுவை சிகிச்சை, குறிப்பாக ஃபான்டன் அறுவை (இதயத்தின் ஒரு கீழறை மட்டும் சரியாக இயங்கும் பிறவிக் கோளாறுக்குச் செய்வது), நடந்ததா? வயிற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்ததுண்டா? காசநோய் வந்ததுண்டா? இரவில் வியர்த்துக் காய்ச்சல் வருகிறதா? உடன்பிறந்தவர் யாருக்காவது இப்படி இருந்ததா, பெற்றோர் ரத்த உறவினரா? டர்னர், நூனன், ஹென்னெகாம் போன்ற பிறவிக் கூட்டறிகுறிகளின் முகச்சாயல் தெரிகிறதா? மஞ்சளாகித் தடித்த நகங்களும் ஒரு தடயம்.

கை விரல்கள் தானாக இழுத்துக்கொள்வது, வலிப்பு, மூச்சுத் திணறல், வயிற்று வலியோடு கூடிய காய்ச்சல், ஒரு காலில் மட்டும் திடீரென்று வலியோடு வீக்கம் என்றால் எந்தப் பரிசோதனை வரிசையையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இரண்டாம் படி: ரத்த அறிக்கையைச் சேர்த்துப் படிப்பது

என் பார்வையில் மொத்த வழியிலும் முக்கியமான இடம் இதுதான். செலவு அதிகமில்லாத இந்தச் சாதாரண அறிக்கையிலேயே விடைக்கான வழி எழுதியிருக்கும். ஆனால் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகப் பார்த்தால் கண்ணில் படாது.

ஓர் உதாரணம். மொத்தப் புரதம் 3.8, ஆல்புமின் 2.0, குளோபுலின் 1.8, எல்லாம் டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில். மொத்த வெள்ளணுக்கள் 6,000, அதில் லிம்ஃபோசைட் 9 சதவீதம். ஆல்புமின் வழக்கமாக 3.5-லிருந்து 5 வரை இருக்க வேண்டும், அதனால் எல்லாருடைய கண்ணும் 2.0-க்குத்தான் போகும். சரி, அடுத்த வரியைப் பாருங்கள். குளோபுலின் 2-க்கும் கீழே. அதற்கடுத்து, 6,000-த்தில் 9 சதவீதம் என்றால் லிம்ஃபோசைட் எண்ணிக்கை 540. பெரியவர்களுக்கு 1,000-க்குக் கீழே போனாலே குறைவுதான். மொத்த வெள்ளணு எண்ணிக்கை இயல்பாக இருப்பதால் இது மறைந்துகொள்கிறது. சதவீதத்தை எண்ணிக்கையாக மாற்றிப் பார்ப்பதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். சிறு குழந்தைகளுக்கு இயல்பான அளவே பெரியவர்களைவிட மிக அதிகம். அதனால் வயதுக்குரிய அட்டவணையோடு ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் குறைவான எண்ணிக்கைகூட நார்மல் போலத் தெரியும்.

இந்த மூன்றும் ஒன்றாகக் குறைந்திருப்பதன் பலம் மற்ற நோய்களோடு ஒப்பிடும்போதுதான் தெரியும். நாள்பட்ட கல்லீரல் நோயில் ஆல்புமின் குறையும், ஆனால் குளோபுலின் பெரும்பாலும் கூடும். நாள்பட்ட அழற்சியிலும் அப்படித்தான், கூடவே அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சிஆர்பி ஏறியிருக்கும். நெஃப்ரோடிக் எனப்படும் சிறுநீரகக் கோளாறில் இம்யூனோகுளோபுலின் ஜி குறையலாம், ஆனால் கொலஸ்ட்ரால் எகிறும், சிறுநீரில் புரதம் கொட்டும். நிணநீர்க் கசிவில் கொலஸ்ட்ரால் இயல்பாகவோ குறைவாகவோ இருக்கும்.

அடுத்து கேட்க வேண்டியவை: இம்யூனோகுளோபுலின் ஜி, ஏ, எம் அளவுகள், லிம்ஃபோசைட் உட்பிரிவுகள். உட்பிரிவுகளில் சிடி4 அணுக்களே அதிகம் குறையும். ஹெச்ஐவி தொற்றிலும் இதே அணுக்கள் குறையும் என்பதால் ஹெச்ஐவி பரிசோதனையும் செய்து அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும்.

புரதங்களில் ஆல்புமினும் இம்யூனோகுளோபுலின் ஜியும் ஏன் இவ்வளவு அடி வாங்குகின்றன? இரண்டும் உடலில் மெதுவாகப் புதுப்பிக்கப்படுபவை, அரை ஆயுட்காலம், அதாவது இருப்பதில் பாதி குறைய ஆகும் காலம், ஏறத்தாழ மூன்று வாரம். இழப்பைச் சமாளிக்கக் கல்லீரல் ஆல்புமின் உற்பத்தியைக் கூட்டினாலும் ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு மேல் முடியாது. வேகமாக உற்பத்தியாகும் ப்ரீஆல்புமினும் ரத்தம் உறையச் செய்யும் புரதங்களும் அவ்வளவாகக் குறைவதில்லை. அதனால் இவை இயல்பாக இருப்பதைக் காட்டி 'புரத இழப்பு இல்லை' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

கால்சியத்தில் ஒரு சிக்கல் உண்டு. கால்சியத்தில் ஒரு பங்கு ஆல்புமினோடு ஒட்டியிருப்பதால், ஆல்புமின் குறைந்தாலே மொத்தக் கால்சியம் குறைந்து தெரியும். அதை வைத்து 'இது உண்மையான குறைவு இல்லை' என்று தள்ளிவிடவும் கூடாது. வைட்டமின் டி, மக்னீசியம் இழப்பால் உண்மையிலேயே குறைந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. ஆல்புமினோடு ஒட்டாமல் இருக்கும் அயனிக் கால்சியத்தைப் பார்த்தால் குழப்பம் தீரும். இரும்பு, வைட்டமின் ஏ, டி, ஈ அளவுகளையும் இதே நேரத்தில் எடுத்துவிடலாம்.

ஆல்புமினோ இம்யூனோகுளோபுலினோ ஏற்றுவதற்கு முன்பே இந்த ரத்த மாதிரிகளை எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு வரும் எண்கள் ஏற்றிய மருந்தைத்தான் காட்டும்.

மூன்றாம் படி: மற்ற கதவுகளை மூடுவது

இது விரைவாக முடியும். சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம், கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனைகள், வயிற்று அல்ட்ராசவுண்ட், சாப்பாட்டில் போதிய புரதம் இருக்கிறதா என்ற நேர்மையான விசாரிப்பு. நாலும் சரியாக இருந்தால் புரதம் குடல் வழியாகத்தான் போகிறது என்று கிட்டத்தட்ட சொல்லிவிடலாம். 'கிட்டத்தட்ட' போதாது என்பதால்தான் அடுத்த படி.

நான்காம் படி: மலத்தில் கசிவை நிரூபிப்பது

மலத்தில் ஆல்புமினையே அளக்கலாமே என்று தோன்றும். முடியாது, குடலின் செரிமான நொதிகள் அதைச் சிதைத்துவிடும். ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் அப்படிச் சிதையாது. நொதிகளைத் தடுப்பதே அதன் வேலை. கல்லீரலில் உருவாவது, அளவில் ஆல்புமினை ஒத்தது, உணவில் வராதது. அதனால் அது மலத்தில் கூடுதலாக இருந்தால், ரத்தப் புரதம் குடலுக்குள் கசிகிறது என்று பொருள்.

24 மணி நேர மலத்தைச் சேகரித்து, அதே காலகட்டத்தில் ஒரு ரத்த மாதிரியும் எடுத்து, 'கிளியரன்ஸ்', அதாவது எத்தனை மில்லிலிட்டர் ரத்தத்தில் உள்ள ஆன்டிட்ரிப்சின் ஒரு நாளில் குடல் வழியாகப் போகிறது என்பதை, கணக்கிடுவது சிறந்த முறை. மலத்தின் அளவை மலத்திலுள்ள ஆன்டிட்ரிப்சின் அளவால் பெருக்கி, ரத்தத்திலுள்ள அளவால் வகுக்க வேண்டும். ஒரு நாளின் மலம் 300 மில்லிலிட்டர், அதில் டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராம், ரத்தத்தில் 120 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 300-ஐ 60-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் நாளுக்கு 150 மில்லிலிட்டர். வயிற்றுப்போக்கு இல்லாதவருக்கு 27-க்கு மேல், வயிற்றுப்போக்கு உள்ளவருக்கு 56-க்கு மேல் போனால் அசாதாரணம் என்று பரவலாக எடுத்துக்கொள்கிறார்கள். வயிற்றுப்போக்கே இந்தப் புரதத்தின் வெளியேற்றத்தைக் கூட்டுவதால்தான் இரண்டு அளவுகோல். ஆய்வகத்துக்கு ஆய்வகம் எல்லைகள் சற்று மாறும்.

சேகரிப்பில்தான் இந்தப் பரிசோதனை கெட்டுப்போகிறது. முதல் நாள் காலையில் போகும் மலத்தை விட்டுவிட்டு அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு மறுநாள் அதே நேரம் வரை போகும் ஒவ்வொரு முறையும் முழுவதையும் ஆய்வகம் தந்த கொள்கலனில் சேர்க்க வேண்டும். சிறுநீர் கலக்கக் கூடாது, முதலில் சிறுநீர் கழித்துவிட்டு அப்புறம் சேகரிப்பது நல்லது. ஒரு முறை தவறிப் போனால்கூட மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். டயப்பர் அணியும் குழந்தைகளிடம் இதெல்லாம் நடக்கிற காரியமில்லை. அவர்களுக்கு ஒரே ஒரு முறை போன மலத்தின் மாதிரியிலேயே ஆன்டிட்ரிப்சின் அளவைப் பார்க்கலாம். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தையிடம் முதல் மலத்தின் காரணமாக அளவு பொய்யாக உயர்ந்து தெரியலாம். இரைப்பையிலிருந்து வரும் கசிவையும் இது சரியாகக் காட்டாது, அங்குள்ள அமிலம் இந்தப் புரதத்தைச் சிதைத்துவிடும்.

இந்தப் பரிசோதனை 'கசிகிறது' என்று மட்டும்தான் சொல்லும், எதனால் என்று சொல்லாது. குடல் அழற்சி, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், தொற்று என எதிலும் இது கூடலாம். டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த ஆல்புமினை ஏற்றி எடுக்கும் சிண்டிகிராஃபி படம், கசியும் இடத்தை ஓரளவு காட்டும். அந்த வசதி எல்லா மருத்துவமனைகளிலும் இருக்காது.

ஐந்தாம் படி: எண்டோஸ்கோப்பியும் பயாப்ஸியும்

குழாய்க் கேமராவால் குடலைப் பார்ப்பது எண்டோஸ்கோப்பி, சிறு திசுத் துண்டை எடுத்து ஆராய்வது பயாப்ஸி. நோய் உறுதியாவது இங்கேதான். எண்டோஸ்கோப்பியில் முன்சிறுகுடலின் உட்சுவரில் வெண்மையான அல்லது மஞ்சள் கலந்த வெண்ணிறப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். நுனி வெளுத்து உப்பிய குடலுறிஞ்சிகள் தெரியும். பயாப்ஸி எடுத்த இடத்திலிருந்து பால் போன்ற திரவம் கசிவதும் உண்டு.

வெறும் வயிற்றில் வெகுநேரம் இருந்தாலோ, ஏற்கெனவே கொழுப்பு குறைத்த உணவில் இருந்தாலோ, லாக்டியல்களில் நிரம்ப எதுவும் இருக்காது, புள்ளிகளும் தெரியாது. அதனால் முந்தின நாள் மாலையில் கொழுப்பு அதிகமுள்ள உணவு கொடுத்து, அதன் பிறகு மயக்க மருந்துக்குத் தேவையான நேரம் மட்டும் பட்டினி இருக்கச் செய்வார்கள். இதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளியின் நிலை இடம் கொடுத்தால் உணவுச் சிகிச்சையை எண்டோஸ்கோப்பிக்கு முன்பு தொடங்காமல் இருப்பதே நல்லது என்பேன்.

கண்ணுக்கு எப்படித் தெரிந்தாலும் பல இடங்களிலிருந்து திசு எடுக்க வேண்டும். நுண்ணோக்கியில் விரிந்த லாக்டியல்கள், முக்கியமாகக் குடலுறிஞ்சிகளின் நுனிப் பகுதியில், தெரியும். சுற்றிலும் பெரிய அழற்சி இருக்காது. விரிந்திருப்பது நிணநீர்க் குழலா, ரத்தக் குழலா, திசுவைத் தயாரிக்கும்போது உண்டான வெற்றிடமா என்ற ஐயம் வந்தால் டி2-40 என்ற சாயமேற்றல் தீர்த்துவைக்கும், அது நிணநீர்க் குழலின் உட்சுவரில் மட்டும் பிடிக்கும். விண்ணப்பத்தில் 'லிம்ஃபான்ஜியெக்டேசியா சந்தேகம், ஆல்புமின் இவ்வளவு' என்று எழுதி அனுப்பினால் நோயியல் மருத்துவர் அந்தக் கண்ணோடு பார்ப்பார். அந்த ஒற்றை வரி இல்லாமல் 'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்ற அறிக்கை வர வாய்ப்பிருக்கிறது.

இங்கே இரண்டு பக்கமும் தவறலாம். முதலாவது, பயாப்ஸி நார்மல் என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டுவது. இந்த விரிவு குடல் முழுக்கச் சீராக இருப்பதில்லை, திட்டுத்திட்டாக இருக்கலாம், எண்டோஸ்கோப் எட்டாத தூரத்தில் இருக்கலாம், மேலோட்டமான பயாப்ஸிக்கு அகப்படாத ஆழத்திலும் இருக்கலாம். ரத்த அறிக்கையும் மலப் பரிசோதனையும் வலுவாகச் சொன்னால் தேடலை நிறுத்தக் கூடாது. மாத்திரை போல விழுங்கும் கேமராவான கேப்ஸ்யூல் எண்டோஸ்கோப்பி சிறுகுடல் முழுவதையும் படம் பிடிக்கும். ஆனால் திசு எடுக்காது, குடலில் சுருக்கம் இருந்தால் சிக்கிக்கொள்ளும். அது காட்டிய இடத்துக்கு, பலூன் உதவியோடு சிறுகுடலின் ஆழம் வரை செல்லும் பலூன் என்டரோஸ்கோப்பியில் போய்த் திசு எடுக்கலாம்.

இரண்டாவது இதற்கு நேர் எதிர். வேறு எதற்கோ எண்டோஸ்கோப்பி செய்தவரிடம் சில வெண்புள்ளிகள் தெரிந்து, பயாப்ஸியிலும் ஒன்றிரண்டு விரிந்த லாக்டியல்கள் இருந்து, அறிக்கையில் இந்த நோயின் பெயர் வந்துவிடுகிறது. ஆல்புமினும் லிம்ஃபோசைட்டும் இயல்பாக இருந்தால் அதற்குப் பெரும்பாலும் பொருள் எதுவும் இல்லை. ஆரோக்கியமானவர்களிடமும் இப்படித் தெரிவதுண்டு. இப்படி ஓர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பயந்துபோயிருப்பவர்கள் முதலில் தங்கள் ஆல்புமின் அளவைப் பார்க்கட்டும்.

சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையில் இன்னொரு பொறி இருக்கிறது. அது இம்யூனோகுளோபுலின் ஏ வகை எதிர்ப்பொருளைத் தேடுவது. இந்த நோயில் அந்த ஏ வகையே குறைந்திருப்பதால் 'நெகட்டிவ்' என்ற முடிவுக்கு மதிப்பில்லை. ஜி வகையும் குறைந்திருப்பதால் மாற்றுப் பரிசோதனையும் கைகொடுக்காமல் போகலாம். பயாப்ஸிதான் தீர்ப்பு. காசநோய்க்கான தோல் பரிசோதனையும் இதே போல, லிம்ஃபோசைட் குறைவால் பொய்யாக நெகட்டிவ் காட்டும்.

ஆறாம் படி: படமெடுப்பது

அல்ட்ராசவுண்டிலும் சிடி ஸ்கேனிலும் தடித்த குடல் சுவர், வீங்கிய குடல்தாங்கி, வயிற்று நீர் தெரியும். இவை துணைச் சான்றுகள்தான். சிடியின் பெரிய பயன் நிணநீர்க் கணுக்கள், கட்டிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது. வயிற்று நீரை எடுத்தால் ட்ரைகிளிசரைடு அளவைக் கண்டிப்பாகக் கேளுங்கள். டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது நிணநீர் கசிந்தது. சாப்பிடாமல் இருப்பவரிடம் அந்த நீர் பால் நிறத்தில் இருக்காது, கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

நிணநீர்க் கணுவில் சாயம் செலுத்தி எடுக்கும் எம்ஆர் லிம்ஃபான்ஜியோகிராஃபி, நிணநீர் எங்கே தேங்கி எந்தப் பக்கம் திரும்பிப் பாய்கிறது என்பதையே காட்டும். எல்லாருக்கும் தேவையில்லை. உணவுச் சிகிச்சை பலன் தராதபோதும், கசியும் இடத்தை அடைக்கும் சிகிச்சையை யோசிக்கும்போதும் இதன் அருமை தெரியும்.

ஏழாம் படி: பிறவியா, வேறொரு நோயின் விளைவா

விரிந்த லாக்டியலைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஏன் விரிந்தது என்ற கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. பிறவிக் கோளாறு என்பது மற்றதெல்லாம் இல்லை என்று காட்டிய பிறகே வைக்க வேண்டிய பெயர். பெரியவர்களிடம் இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

முதலில் இதயம். இதயத்தின் உறை தடித்து இறுகினால் சிரைகளில் அழுத்தம் ஏறும், நிணநீர் வடிய இடமில்லாமல் குடலில் கசியும். சாதாரண எக்கோவில் இது தவறிப்போகலாம். கழுத்துச் சிரைகள் புடைத்திருந்தால் 'இதய உறை இறுக்கம் இருக்கிறதா' என்று குறிப்பாகக் கேட்டு எக்கோ எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் இதய எம்ஆர்ஐயும் பார்க்க வேண்டும். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், உறையை அறுவையில் அகற்றினால் புரத இழப்பே நின்றுவிடலாம் என்பதுதான். ஃபான்டன் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இதே வழியில் கசிவு வரும்.

அதன் பின் லிம்ஃபோமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய், குடல் அல்லது வயிற்றுக் கணுக்களின் காசநோய், கிரோன் நோய், விப்பிள் நோய், லூபஸ், சார்காய்டோசிஸ், கதிர்வீச்சின் பின்விளைவு. காய்ச்சல், உயர்ந்த சிஆர்பி, பெரிதான கணுக்கள் இருந்தால் இவற்றில் ஒன்றைத் தேட வேண்டும், பிறவிக் கோளாறில் சிஆர்பி பொதுவாக இயல்பாகவே இருக்கும்.

மரபணுப் பரிசோதனை குழந்தைகளுக்கு மிகவும் பயன்படும். ஹென்னெகாம் கூட்டறிகுறியில் சிசிபிஇ1, ஃபேட்4 மரபணுக்களில் பிறழ்வு காணப்படுகிறது. சிடி55 என்ற புரதத்தின் குறைபாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2017-இல் விவரிக்கப்பட்ட இந்த நோயில், சேப்பிள் என்பது அதன் சுருக்கப் பெயர், புரத இழப்போடு ரத்தக் கட்டிகளும் உருவாகும். இதற்கென்றே பொசெலிமாப் என்ற மருந்துக்கு 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. சிறு வயதில் தொடங்கிய கசிவு, குடும்பத்தில் இன்னொருவருக்கும் பாதிப்பு, ரத்தக் கட்டி இவற்றில் எது இருந்தாலும் சிடி55-ஐப் பார்க்காமல் விடக் கூடாது.

உணவுச் சிகிச்சைக்குக் கிடைக்கும் பதில்

நோய் உறுதியானதும் வழக்கமான கொழுப்பை மிகக் குறைத்து, புரதத்தைக் கூட்டி, எம்சிடி எனப்படும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பைக் கொடுப்பார்கள். அது லாக்டியல் வழியாகப் போகாமல் நேராகக் கல்லீரலுக்குச் செல்லும் ரத்தத்தில் சேர்கிறது, அதனால் நிணநீர் அழுத்தம் தணிகிறது. ஆல்புமின் மெல்ல ஏறத் தொடங்கினால் நோய் நிர்ணயத்துக்கு அது கூடுதல் ஆதாரம். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் பொறுத்துப் பார்க்க வேண்டும். லிம்ஃபோசைட் எண்ணிக்கை ஆல்புமினோடு சேர்ந்து ஏறாவிட்டால் பதற வேண்டாம்.

உணவை ஒழுங்காகக் கடைப்பிடித்தும் ஆல்புமின் அசையவில்லை என்றால், அடுத்த மருந்துக்குப் போவதற்கு முன் ஏழாம் படிக்குத் திரும்புங்கள். பயாப்ஸி கண்ணாடித் துண்டுகளை அனுபவமுள்ள இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டுங்கள், இதய உறையை மறுபடி பாருங்கள், எம்ஆர் லிம்ஃபான்ஜியோகிராஃபி பற்றிக் கேளுங்கள். இந்த நோய் உள்ள சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து லிம்ஃபோமா வந்திருப்பது பதிவாகியிருக்கிறது. அதனால் சீராக இருந்தவருக்குப் புதிதாகக் காய்ச்சலோ, எடை இழப்போ, உணவில் மாற்றமில்லாமலே ஆல்புமின் சரிவோ வந்தால், பழைய நோய்தான் என்று விட்டுவிடாமல் சிடி ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் மறுபடி செய்ய வேண்டும்.